சிறை மீண்ட தந்தை

1908 சூலை 9-ஆம் நாள் கோவைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட வ. உ. சிதம்பரனார், ஆங்கிலேயர்க்கு எதிராகக் கப்பலோட்டியவர், பெயர்பெற்ற வழக்கறிஞர், இளங்குடும்பம் ஒன்றின் தலைவரும் ஆவார். முன்னிரண்டையும் நாடு போற்றும். மூன்றாவதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நீதிபதி பின்ஹே விதித்த நாற்பதாண்டுத் தண்டனையைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். குடும்பச் சுமை முழுதும் துணைவியார் மீனாட்சியம்மாள் மீது இறங்கியது. சிறையில் சிதம்பரனார் செக்கிழுத்தார். பிற்காலத்தே பெரியபுராண உரையாசிரியராய் விளங்கிய கோவை வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார் அந்நாளில் அவருக்கு உற்றுழி உதவினார்.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பர் 24-இல் விடுதலையானார். அதற்குள் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. கப்பல் வாங்கிய கை, சென்னையில் அரிசியும் நெய்யும் மண்ணெண்ணெயும் விற்றது. வீட்டில் உலை கொதிக்கச் செய்வதே, சிறை மீண்ட தந்தை தம் மக்களுக்கு முதலில் ஆற்ற வேண்டிய கடனாயிற்று.

1920-களின் தொடக்கத்தில் அவர் கோவையிலேயே சில காலம் குடியிருந்தார். கைதியாய் வந்த ஊரில் இல்லறத்தாராய் வாழ்ந்தார். திருநெல்வேலியில் பணியாற்றிய நாளிலேயே அவரை அறிந்திருந்த ஆங்கில நீதிபதி வாலஸ், உயர்நீதிமன்ற நீதிபதியானபின், இழந்த வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்தார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் இளைய மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். மூத்த மகன் உலகநாதனோ பாட்டனார் பெயரைத் தாங்கியவர். ஆட்சியை எதிர்த்தவர், அவ்வாட்சியின் நீதிபதி ஒருவரது அறத்தைத் தம் வீட்டிலேயே நிலைநிறுத்தினார். பகை வேறு, நன்றி வேறு என்பதை மைந்தர்க்கு உணர்த்த இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடியும் வறுமை நீங்கவில்லை. இறுதி நாள்களில் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய சிறு கடன்களையும் மறைக்காது குறித்தார். 1936 நவம்பர் 18-இல் மறைந்தார். பிள்ளைகளுக்குச் செல்வம் சேர்த்து வைக்க அவரால் இயலவில்லை. ஒருவர்க்கும் ஒளிக்காத கணக்கும், நன்றியால் இட்ட ஒரு பெயருமே அவர் விட்டுச்சென்ற முதுசொம். சிறை பறித்த ஆண்டுகளுக்கு அத்தந்தை தம் மக்களுக்குச் செய்த ஈடு அதுவே.