வில்லெம் ஐந்தோவன் (1860 – 1927)

மாணவர்களே, வைத்தியசாலைகளில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. எனும் இதய மின்வரைபை நீங்கள் அறிவீர்கள். இன்று சில கைக்கடிகாரங்களும் அதனைப் பதிவு செய்கின்றன. இவை இரண்டுக்கும் வழிவகுத்தவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் ஆவார்.

இவர் 1860 மே 21 இல், அன்று ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த யாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தார். வைத்தியரான தந்தை இவரது சிறுவயதிலேயே இறந்துவிட, தாய் ஆறு பிள்ளைகளுடன் 1870 இல் ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். அங்கு மருத்துவம் கற்ற ஐந்தோவன், 25 வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியரானார்.

இவ்விடத்தில் பலர் குழம்புவதுண்டு. மனித இதயத்தின் மின்மாற்றத்தை முதலில் பதிவு செய்தவர் ஐந்தோவன் அல்லர்; 1887 இல் இலண்டனில் வோலர் என்பவர் அதனைச் செய்துவிட்டார். ஆனால் வோலரின் கருவியில் மெல்லிய குழாயொன்றினுள் இரசம் ஏறி இறங்கியது. பாரமான இரசம் இதயத்தின் விரைவுக்கு ஈடுகொடுக்கவில்லை. அப்பிழையைக் கணிதத்தால் திருத்த முயன்ற ஐந்தோவன், இறுதியில் இரசத்தையே கைவிட்டார். வெள்ளி பூசிய மிக நுண்ணிய குவாட்ஸ் இழையொன்றை வலிமையான மின்காந்தத்தின் முனைவுகளுக்கிடையே பொருத்தினார். மின்னோட்டம் செல்லும் கடத்தி காந்தப்புலத்தில் விசைக்கு உட்படும் என விஞ்ஞான பாடத்தில் படித்தீர்களல்லவா? அதே தத்துவம்தான். இதயத்தின் மின்னோட்டத்தால் இழை அசைய, அதன் நிழல் ஒளிப்படமாகப் பதிவாகியது. இக்கருவியை அவர் 1901 இல் வெளியிட்டார்.

கருவியின் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்குவதற்கு ஐவர் தேவை. நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்திருக்க வேண்டும். கருவியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல இயலாதாகையால், 1905 இல் ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் தொலைவிலிருந்த நோயாளிகளின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தார்! 1906 இல் வெளியான அப்பதிவுகளில் ஒழுங்கற்ற துடிப்புகளும் இருந்தன. சோணையறைகள் ஒழுங்கின்றித் துடித்தால் அங்கு குருதி உறைந்து, மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை ஏற்படுத்தலாம். நோயாளி எதனையும் உணராமலேயே இருக்கவும் கூடும்.

1924 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஐந்தோவன், 1927 செப்டெம்பர் 29 இல் லெய்டனில் காலமானார்.

2018 இல் ஐக்கிய அமெரிக்காவில் அப்பிள் கைக்கடிகாரத்துக்கு மின்வரைபு வசதி வந்தது. ஒரு கையில் கடிகாரத்தை அணிந்து, மறு கையின் விரலால் அதனைத் தொடவேண்டும். இரு கைகளுக்கிடையிலான அப்பதிவு, ஐந்தோவன் வகுத்த மூன்று பதிவு முறைகளில் முதலாவதேயாகும். அது ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டும். வைத்தியர் அதனை உறுதிப்படுத்த வேண்டும். மாரடைப்பைக் கண்டறிய அக்கடிகாரத்தால் முடியாது.