உயர்கல்விக்கு வாயில் திறந்த துன் அப்துல் ரசாக்

ஷா ஆலம் இன்று சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரம். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இந்நகரில்தான் அமைந்துள்ளது. மாணவர் எண்ணிக்கையில் நாட்டிலேயே ஆகப் பெரிய பல்கலைக்கழகம் இதுவே. ஆனால், 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இங்கு நகரமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்ட இவ்வட்டாரத்தில் ரப்பர் மரங்களும் செம்பனை மரங்களுமே நிறைந்திருந்தன. தோட்டக்காடாக இருந்த நிலத்தில் உயர்கல்விக்கூடம் எழுந்ததற்குப் பின்னணியில் ஒரு தலைவரின் நீண்டகால உழைப்பு இருந்தது. அவர்தாம் நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் உசேன்.

துன் ரசாக் 1922ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், பகாங் மாநிலத்தின் பெக்கான் மாவட்டத்தில் உள்ள புலாவ் கெலாடி என்னும் ஆற்றோரச் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை டத்தோ உசேன், பகாங்கின் பெருந்தலைவர்களுள் ஒருவர். ஊரின் மலாய்ப் பள்ளியில் எழுத்தறிவு பெற்ற ரசாக், 1934ஆம் ஆண்டு கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பிலும் விளையாட்டிலும் அவர் முன்னணியில் நின்றார். பள்ளியை முடித்ததும் அரசாங்கப் பணியில் சேர்ந்த அவருக்கு, சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்லூரியில் பயில உபகாரச் சம்பளம் கிடைத்தது. அந்நாளில் மலாயாவில் பள்ளியை முடித்த இளைஞர்களுள் மிகச் சிலருக்கே அத்தகைய வாய்ப்பு வாய்த்தது. கல்லூரி வாசலை மிதிக்காமலேயே வேலைக்குச் சென்ற திறமைசாலிகள் பலர்.

ரசாக்கின் படிப்பும் தடையின்றித் தொடரவில்லை. 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படைகள் மலாயாவிற்குள் நுழைந்தன. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. ஊர் திரும்பிய ரசாக், ஜப்பானியருக்கு எதிராக இரகசியமாக இயங்கிய வத்தானியா படைக்குத் துணைநின்றார். போர் முடிந்த பின்னர், 1947ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றார். தவறிய ஆண்டுகளை ஈடுசெய்யக் கடுமையாக உழைத்து, 1950ஆம் ஆண்டு வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். உயர்கல்வி ஒருவரின் வாழ்வை எவ்வளவு தூரம் உயர்த்தும் என்பதையும், அவ்வாய்ப்பு எவ்வளவு எளிதில் கைநழுவிப் போகும் என்பதையும் அவர் தம் சொந்த வாழ்விலேயே உணர்ந்திருந்தார்.

1955ஆம் ஆண்டில் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலுக்குப் பின், ரசாக் கல்வி அமைச்சரானார். அப்போது அவருக்கு வயது 33. விடுதலையை நோக்கி நடைபோட்ட மலாயாவில் பள்ளிகள் தனித்தனித் தீவுகளாக இருந்தன. ஒவ்வொரு மொழிப் பள்ளிக்கும் வெவ்வேறு பாடத்திட்டம், வெவ்வேறு நோக்கம். இந்நிலையை ஆராய அவருடைய தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை ‘ரசாக் அறிக்கை’ எனப் பெயர்பெற்றது. எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் வேண்டும் என அவ்வறிக்கை பரிந்துரைத்தது. அதேவேளையில், தொடக்கநிலையில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் கற்பிக்க இடமளித்தது. நாட்டின் கல்வி அமைப்பிற்குள் தமிழ்ப்பள்ளிகள் நிலைபெற இவ்வறிக்கை வழிவகுத்தது.

1957ஆம் ஆண்டு மலாயா விடுதலை பெற்றதும் ரசாக் துணைப் பிரதமரானார். பின்னர், நாட்டுப்புற மேம்பாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் வேண்டிய சாலை, பாலம், பள்ளி, குடிநீர் ஆகியவை ‘சிவப்புப் புத்தகம்’ எனப்பட்ட திட்ட ஏட்டில் பதியப்பட்டன. வேலை நடக்கிறதா என்பதை அறிய அவர் நேரில் சென்று பார்ப்பார். நிலமற்ற ஏழைகளைக் குடியமர்த்திய ஃபெல்டா திட்டமும் அவருடைய முயற்சியால் வளர்ந்தது. இதனால் மக்கள் அவரை ‘மேம்பாட்டுத் தந்தை’ எனப் போற்றினர்.

பள்ளிகள் பெருகியபோது புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. 1962ஆம் ஆண்டு முதல் தொடக்கக்கல்வி இலவசமாக்கப்பட்டது. இடைநிலைப்பள்ளியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 1965ஆம் ஆண்டு முதல் எல்லாப் பிள்ளைகளும் கீழ் இடைநிலைக் கல்வியைத் தொடர முடிந்தது. எனவே, 17 அல்லது 18 வயதில் பள்ளியை முடித்து வெளியேறும் இளையோர் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தது. ஆனால், அவர்கள் செல்வதற்குத் தீபகற்பத்தில் ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான் இருந்தது. அது கோலாலம்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகம். வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பினர். மீனவர், விவசாயி, தோட்டத் தொழிலாளி ஆகியோரின் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பள்ளிக்கதவைத் திறந்துவிட்டுக் கல்லூரிக்கதவை மூடி வைத்தால், பாதி வழியில் படகை நிறுத்தியது போலாகிவிடும்.

இச்சிக்கலுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கியது. நாட்டுப்புற, தொழில் மேம்பாட்டு வாரியமான ரிடா, 1956ஆம் ஆண்டில் ஜாலான் ஒத்மானில் ஒரு பயிற்சி நிலையத்தைத் திறந்தது. மலாய் இளைஞர்களுக்கு வணிகம், கணக்கியல் போன்ற துறைகளில் அங்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டில் அதன் முதல் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. துணைப் பிரதமர் ரசாக் தலைமையேற்ற அவ்விழாவில் 50 பேர் சான்றிதழ் பெற்றனர். அடுத்த ஆண்டு அந்நிலையம் மாரா கல்லூரி ஆனது. 1967ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் மாரா தொழில்நுட்பக் கழகமாக உயர்வு கண்டது. பூமிபுத்ரா மாணவர்களுக்காக அமைந்த இக்கழகத்திற்கு ஷா ஆலமில் ஏறத்தாழ 300 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. கல்விச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றதால், சிற்றூர்ப் பிள்ளைகளும் கணக்காளராகவும் பொறியியல் துறையினராகவும் உருவாக முடிந்தது.

1969ஆம் ஆண்டு நாட்டிற்கும் ரசாக்கிற்கும் சோதனை மிகுந்த ஆண்டாக அமைந்தது. மே 13 கலவரம் நாட்டை உலுக்கியது. அமைதியை மீட்கும் பொறுப்பு அவருடைய தோளில் விழுந்தது. அதே ஆண்டில்தான் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். அவர் அதனை மக்களுக்கு வெளிப்படுத்தவில்லை. வேலையைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிரதமராகப் பொறுப்பேற்றார்.

நாட்டின் உயர்கல்வி வேகமாக விரிந்ததும் இக்காலத்தில்தான். 1969ஆம் ஆண்டு பினாங்கில் இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும், ஈப்போவில் நாட்டின் முதல் பல்தொழில்நுட்பக் கல்லூரியான உங்கு ஓமாரும் தொடங்கப்பட்டன. 1970ஆம் ஆண்டு மே திங்களில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், லெம்பா பந்தாயில் 192 மாணவர்களுடன் தன் பணியைத் தொடங்கியது. 1971ஆம் ஆண்டில் செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகம் உதயமானது. கோலாலம்பூர்த் தொழில்நுட்பக் கல்லூரி படிப்படியாக உயர்ந்து, 1975ஆம் ஆண்டில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. இப்பல்கலைக்கழகங்களில் பல இன மாணவர்களும் அரசாங்கத்தின் செலவில் பயின்றனர்.

இடங்கள் பெருகினாலும் சேர விரும்பியோர் தொகை அதைவிட விரைவாகப் பெருகியது. யாருக்கு எத்தனை இடம் என்பது நாட்டில் பலரும் அக்கறையோடு விவாதித்த கேள்வியாயிற்று. வறுமையை ஒழிப்பதும் இனங்களுக்கிடையிலான பொருளாதார இடைவெளியைக் குறைப்பதும் அக்கால அரசாங்கத்தின் இலக்குகள். பல்கலைக்கழக இடமும் அவ்விலக்குகளை அடையும் வழிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. ஓர் இளைஞருக்குக் கிடைக்கும் ஓர் இடம் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றக்கூடியது. ஆதலால்தான் அக்கேள்வி இன்றளவும் பெற்றோர் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பொதுப்பணத்தைச் செலவிடுவதில் துன் ரசாக் மிகவும் கண்டிப்பானவர். ஒருமுறை அவருடைய பிள்ளைகள், தாங்கள் வாழ்ந்த அரசாங்க இல்லத்தில் நீச்சல் குளம் அமைத்துத் தருமாறு கேட்டனர். மக்கள் பணம் தம் குடும்பத்தின் வசதிக்கானது அன்று எனக் கூறி அவர் மறுத்துவிட்டார். அதே மக்கள் பணத்தைக் கல்விக்கூடங்களுக்கு ஒதுக்குவதில் அவருடைய அரசாங்கம் தயக்கம் காட்டவில்லை. அதை அவர் செலவாகப் பார்க்கவில்லை. நாட்டின் நாளைய விளைச்சலுக்கு இடும் விதையாகவே கருதினார்.

1976ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், இலண்டனில் சிகிச்சை பெற்றுவந்த துன் ரசாக் தமது 53ஆம் வயதில் காலமானார். அவர் நோயுற்றிருந்ததை அறியாத மக்கள் அதிர்ச்சியில் உறைந்தனர். அவருடைய உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு, கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்டதையும், மாரா தொழில்நுட்பக் கழகம் 1999ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்ததையும் காண அவர் உயிரோடு இல்லை.

இன்று எஸ்.பி.எம். தேர்வை முடிக்கும் மாணவர்களின் முன் படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், பல்தொழில்நுட்பக் கல்லூரி, அரசாங்கப் பல்கலைக்கழகம் எனப் பல பாதைகள் விரிந்து கிடக்கின்றன. இவை தாமாகத் தோன்றியவை அல்ல. ஒரு தலைமுறை திட்டமிட்டது. நாட்டு மக்கள் தங்கள் வரிப்பணத்தைக் கொடுத்தார்கள். அரசாங்கத்தின் செலவில் ஒரு மாணவர் அமரும் நாற்காலியில், முகம் தெரியாத எத்தனையோ பேரின் உழைப்பும் அடங்கியுள்ளது. கிடைத்த இடத்தை வீணாக்காமல் கற்று, பின்னால் வருபவருக்கும் வழிகாட்டுவதே அவ்வுழைப்புக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.