ஐந்து பவுனுக்கு வந்த காப்டன்

1906-ம் ஆண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர் பிரதேசத்தில் ஹோம்பர்த் என்று ஒரு சிற்றூர். கம்பளி ஆலைகள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. அவ்வூர்ச் சிறுவன் ஒருவனைப் பக்கத்து நகரமான ஹடர்ஸ்பீல்டின் ரக்பி கிளப்பார் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த தொகை ஐந்து தங்கப் பவுன். பையனுக்கு வயது பதினைந்துதான்.

இதைவிட மலிவாக ஒரு கிளப் தன் அதிர்ஷ்டத்தை வாங்கியதில்லை என்றே சொல்ல வேண்டும். அந்தச் சிறுவன்தான் ரக்பி லீக் உலகம் இன்றும் மறக்காத காப்டன் ஹாரல்டு வாக்ஸ்டாப்.

ஆறு ஷில்லிங் தகராறு

வாக்ஸ்டாப் பிறந்தது 1891-ம் ஆண்டு மே 19-ந் தேதி. அவருக்கு நான்கு வயதானபோது, அவர் ஊருக்குச் சில மைல் தூரத்தில் ஒரு சம்பவம் நடந்தது.

அக்காலத்தில் ரக்பி ஆட்டத்தை நிர்வகித்தவர்கள் வசதி படைத்த கனவான்கள். ஆட்டத்துக்காகக் காசு வாங்குவது இழுக்கு என்பது அவர்கள் கொள்கை. ஆனால் வடக்கே ஆடியவர்களோ ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும். ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். நஷ்டமாகும் கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் கொடுக்க அனுமதி கேட்டார்கள் வடக்குக் கிளப்பார். சங்கம் மறுத்துவிட்டது.

1895-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, ஹடர்ஸ்பீல்டு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். தாய்ச் சங்கத்திலிருந்து விலகினார்கள். அப்படிப் பிறந்த 'வடக்கு யூனியன்'தான் பின்னர் ரக்பி லீக் என்று பெயர் பெற்றது. 1906-ல், பக்கத்துக்குப் பதினைந்து பேர் என்பதைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். மைதானத்தில் நெரிசல் குறைந்தது. ஓடவும் பந்து மாற்றவும் இடம் கிடைத்தது. வாக்ஸ்டாப் ஹடர்ஸ்பீல்டு கோஷ்டிக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

கொடுத்துப் பெற்ற புகழ்

ரக்பியில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓட வேண்டும். கையால் முன்புறம் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாம். எதிரியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதற்கு 'டிரை' என்று பெயர். பெரும்பாலும் ஓரத்தில் ஓடுகிறவன்தான் டிரை அடிப்பான், கைதட்டலும் அவனுக்குத்தான்.

வாக்ஸ்டாப் ஆடியது நடுவே, 'சென்டர்' என்ற இடத்தில். எதிரிகள் இருவர் மூவரைத் தம்மிடம் இழுத்துக்கொள்வார். அவர்கள் மேலே பாயும் அந்த நொடியில், பந்து அவர் கையில் இருக்காது; தோழன் கையில் இருக்கும்.

பதினேழு வயதில், 1909 ஜனவரியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் சார்பில் ஆடினார். இருபது வயதை ஒட்டி ஹடர்ஸ்பீல்டின் காப்டனானார். பல ஊர்களிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். சிட்னியிலிருந்து ஆல்பர்ட் ரோசன்பெல்டு. வேல்ஸிலிருந்து பென் கிரானோ. கம்பர்லாந்திலிருந்து நிலக்கரி வியாபாரம் செய்த டக்ளஸ் கிளார்க். 1913-14 பருவத்தில் ரோசன்பெல்டு 80 டிரைகள் அடித்தார். ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

பத்துப் பேர் நடத்திய போர்

1914-ல் பிரிட்டிஷ் கோஷ்டி ஆஸ்திரேலியா சென்றது. காப்டன் வாக்ஸ்டாப், வயது 23. முதல் டெஸ்டில் பிரிட்டன் வென்றது. இரண்டாவதில் ஆஸ்திரேலியா வென்றது. மூன்றாவது டெஸ்டை ஜூலை 4-ந் தேதியே சிட்னியில் ஆட வேண்டும் என்றார்கள். எட்டு நாட்களுக்குள் மூன்று டெஸ்டுகள்! முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் காயம்பட்டிருந்தார்கள். ஒத்திவைக்கும்படி நிர்வாகிகள் மன்றாடினார்கள். ஆடியே தீர வேண்டும் என்று தாய்நாட்டிலிருந்தும் தந்தி வந்தது.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களிலேயே பிராங்க் வில்லியம்ஸின் கால் பிசகியது. கிளார்க்குக்குக் கட்டைவிரல் முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். பின்பு தோள்பட்டை எலும்பும் முறிந்தது. அப்பொழுதும் திரும்பி வந்து ஆட முயன்று, முடியாமல் கண்ணீருடன் வெளியேறினார். தலையில் அடிபட்டு பில்லி ஹாலும் விழுந்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அக்காலத்தில் அனுமதி இல்லை. பதின்மூன்று பேருக்கு எதிரே பத்தே பேர்!

வாக்ஸ்டாப் அந்தப் பத்துப் பேரையும் கட்டி நிறுத்தினார். தடுத்துக்கொண்டே இருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. எதிரிகளின் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினார். பந்தைத் தாமே கொண்டுபோகவில்லை; ஆள் பற்றாக்குறையால் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஜான்ஸனிடம் கொடுத்தார். ஜான்ஸன் அதைக் கீழே போட்டுக் காலால் உருட்டிக்கொண்டே போய் டிரை அடித்தார். 14-6 என்று பிரிட்டன் வென்றது.

1879-ல் ஜூலு யுத்தத்தின்போது ரோர்க்ஸ் டிரிப்டு என்ற இடத்தில் சுமார் 150 பேர் கொண்ட பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்கானோரை எதிர்த்து நின்றது. அந்த இடத்தின் பெயரையே இந்த ஆட்டத்துக்குப் பத்திரிகைகள் சூட்டின.

நான்கு கோப்பைகள், ஒரு யுத்தம்

சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்டு 4-ந் தேதி, பிரிட்டன் உலக யுத்தத்தில் இறங்கியது. ஆயினும் 1914-15 பருவப் போட்டிகள் நடந்தன. சாலஞ்சு கோப்பை, சாம்பியன் பட்டம், யார்க்ஷயர் கோப்பை, யார்க்ஷயர் லீக் ஆகிய நான்கையும் ஹடர்ஸ்பீல்டு தட்டிக்கொண்டு போயிற்று. சாலஞ்சு கோப்பை இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸைத் தோற்கடித்தது 37-3 என்ற கணக்கில்.

அத்துடன் போட்டிகள் நிறுத்தப்பட்டன. ஆட்டக்காரர்கள் பட்டாளம் போனார்கள். வாக்ஸ்டாப்பின் சகா பிரெட் லாங்ஸ்டாப் 1916-ல் போர்க்களத்தில் மாண்டார். கிளார்க் விஷவாயுவுக்கும் குண்டுக்கும் தப்பி, வீரப் பதக்கத்துடன் திரும்பினார். வாக்ஸ்டாப்பின் இருபத்து நான்கு முதல் இருபத்தேழு வரையிலான வயது, ஓர் ஆட்டக்காரனுக்குப் பொன்னான காலம், யுத்தத்தில் கழிந்தது.

சமாதானம் வந்தபின் பழைய கோஷ்டி மறுபடி எழுந்தது. 1919-20-ல் மூன்று கோப்பைகள் கைக்கு வந்தன. நான்காவதான சாம்பியன் இறுதி ஆட்டத்தின்போது வாக்ஸ்டாப்பும் நான்கு சகாக்களும் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் இல்லாத ஹடர்ஸ்பீல்டு, ஹல் கோஷ்டியிடம் 3-2 என்று தோற்றது. ஒரே ஒரு புள்ளி! அவர் கொடுத்துவந்தது எவ்வளவு என்பதை அந்த ஒரு புள்ளி காட்டியது.

1921-22-ல் அவர் தலைமையில் பிரிட்டன் ஆஸ்திரேலியாவை மீண்டும் வென்றது. 1925-ல் ஓய்வு பெற்றார். பிறகு மதுவிடுதி நடத்திப் பிழைத்தார். 1939-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, 48-வது வயதில் காலமானார். அடுத்த உலக யுத்தத்தை அவர் பார்க்கவில்லை.

1988-ல் ரக்பி லீக் புகழ் மண்டபம் அமைத்தபோது, முதன்முதலில் இடம்பெற்ற ஒன்பது பேரில் வாக்ஸ்டாப்பும் ஒருவர், ரோசன்பெல்டும் ஒருவர். சாதனைப் பட்டியலில் டிரை அடித்தவன் பெயர் இருக்கும். பந்தைக் கொடுத்தவன் பெயர் இருக்காது. கொடுத்தவனையும் ஊர் மறக்கவில்லை என்பதற்கு வாக்ஸ்டாப்பின் வாழ்க்கையே சாட்சி.