நீலகிரியில் குடியேறிய சலிவன் துரை

புது நிலம் தேடிக் குடியேறிய கதை என்றால், அமெரிக்கர் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனதைத்தான் அநேகர் சொல்லுவார்கள். நம் மாகாணத்திலும் அப்படியொரு சரித்திரம் நடந்தது. அது நீலகிரி மலைமேல். அதில் முதற்பெயர் ஜான் சலிவன்.

லண்டனில் 1788-ம் ஆண்டு பிறந்த சலிவன், மீசை முளைக்குமுன்னே, 1804-ல் கிழக்கிந்தியக் கும்பனி உத்தியோகத்தில் சேர்ந்தார். 1815-ல் கோயமுத்தூர் கலெக்டரானார். அவருக்கு வெகு காலம் முன்பே, 1603-ல், சேசு சபைக் குருவான பெனிசியோ சுவாமி தோதவரைத் தேடி அம்மலை ஏறியதுண்டு. சுவாமி பார்த்துத் திரும்பினார். 1819-ல் மலையேறிய சலிவனோ அங்கேயே தங்க ஆசைப்பட்டார். முதலில் கோத்தகிரிப் பக்கம் வீடு போட்டார். 1822-ல் உதகமண்டலத்தில் கல்வீடு எழுப்பத் தொடங்கினார். சிறுமுகையிலிருந்து பாதை வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, ஓடையை மறித்து ஏரியும் வந்தது.

ஆனால் நிலம் யாருடையது? எருமை மேய்த்து, மந்துகளில் வாழ்ந்த தோதவருடையது. அவர்களிடம் பட்டா என்று ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. பாடு போட்டு வலைவிரிக்கும் நம் ஏரிக்கரையாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை; பத்திரம் இல்லாவிட்டாலும் இன்ன இடம் இன்னாருக்கு என்பது ஊரறிந்த சங்கதி.

சலிவன் தோதவரிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து வாங்கினார். அற்ப விலைதான்; நிறையவும் வாங்கினார். அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் தோதவரே மண்ணுக்கு உடையவர்கள், ஈடு கொடாமல் எடுப்பது அநியாயம் என்று சர்க்காரோடு வாதாடியவரும் அவரே. கவர்னர் லஷிங்டன் இதற்கு இணங்கவில்லை. தோதவருக்கு மேய்ச்சல் பாத்தியதை மாத்திரமே என்பது அவர் கட்சி. 1830-ல் நீலகிரியின் பெரும்பகுதி கோயமுத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபாரோடு சேர்ந்தது. சலிவனின் கையும் கட்டப்பட்டது. அதே 1830-ல்தான், செவ்விந்தியரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் மேற்கே அகற்ற அமெரிக்காவில் சட்டம் செய்தார்கள். நீலகிரியில் ஒருவரையும் அப்படி நாடு கடத்தவில்லை. எருமை மேய்ந்த புல்வெளிதான் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பங்களாவும் தோட்டமுமாயிற்று.

1838-ல் சலிவன் தம் மனைவி ஹென்றியெட்டாவையும் ஒரு மகளையும் பறிகொடுத்தார். 1841-ல் சீமைக்குத் திரும்பி, 1855 ஜனவரி 16-ல் அங்கே காலஞ்சென்றார். மனைவி, மகள் கல்லறைகள் உதகையில் அர்ச். ஸ்தேவான் கோயில் தோட்டத்தில் இருக்கின்றன. அவருடைய கல்வீடு இப்போது அரசு கலைக் கல்லூரியைச் சேர்ந்தது.