மலைகளைச் செய்த மனிதர்



போன வருஷக் கண்காட்சியில் நான் ஒரு ரயில் பாலம் மாடல் வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஸ்கேல் எல்லாம் கரெக்ட். எனாமல் பெயிண்ட் பளபளன்னு மின்னியது. பார்க்க வந்த ஒரு பெரியவர், பொம்மை நன்றாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. கணக்குத் தப்பாத பாலம் எப்படிப் பொம்மை ஆச்சு?

பதிலை ஜான் ஆலன் என்பவரின் வாழ்க்கையில் கண்டேன்.

1913-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாப்ளின் நகரில் பிறந்தவர். தொழில் போட்டோகிராபி. இதயம் பலவீனமான மனிதர். கலிபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில் தன் வீட்டுக்குள்ளேயே மாதிரி ரயில் பாதை ஒன்றைக் கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயரைச் சத்தமாகப் படித்தால் 'ரத்தக்களறியாகித் தோற்றது' என்று அர்த்தம் வரும். அவ்வளவு குசும்பு! வண்டிகளை இழுக்க ஒரு டைனோசரைக்கூட வைத்திருந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட அளவு 1:87. அதாவது ஆறடி ஆள் 21 மில்லிமீட்டர்தான். 1950-களில் மூன்றாவது தடவையாக, வீட்டின் கீழ்த்தளத்தில் பெரிதாகத் தொடங்கினார். தரையிலிருந்து கூரை வரை பிளாஸ்டர் மலைகளை எழுப்பினார். இடம் போதாத இடத்தில் கண்ணாடி பதித்து ஊரை நீட்டினார். பின்னால் இருப்பவற்றைச் சிறிதாகச் செய்து தூரத்தைக் காட்டினார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவருடைய ரயிலும் கட்டிடமும் பழசாகவே இருந்தன. துரு, புகைக்கரி, மழை வழிந்த கறை, வெளுத்த பலகை என்று ஒவ்வொன்றையும் கையால் பூசினார். நிஜப் பாலம் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. என் பாலம் பெயிண்டில் மட்டும்தான் நின்றது. தப்பு புரிந்துவிட்டது.

1973 ஜனவரி 6-ந்தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 59. சுமார் பத்தே நாளில் அந்த வீட்டில் தீ விபத்து. இருபது வருஷ உழைப்பு சாம்பலாச்சு. மிஞ்சியது அவர் எடுத்த போட்டோக்களும், பத்திரிகைகளில் எழுதிய செய்முறைகளும்தான். இன்றைக்கும் மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் துருவும் கரியும் பூசுகிறார்கள் என்றால், அந்த வழியைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஸ்டோர் ரூமில் கால் உடைந்து கிடந்த என் பாலத்தை எடுத்து வந்தேன். செங்கல் தூள், அடுப்புக்கரி, கொஞ்சம் பசை, அவ்வளவுதான் செலவு. இந்த வருஷக் கண்காட்சியில் அது மறுபடியும் நின்றது. அந்தப் பெரியவர் வரவில்லை.

கண்காட்சி முடிந்ததும் அது திரும்ப ஸ்டோர் ரூமுக்கே போனது. நாமும் கிளம்புகிறோம். ஆனால் ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருவன், துருவை எப்படிப் பூசினேன் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். எனக்கு அது போதும்.

— இறுதியாண்டு, சிவில் பிரிவு