பெயரோ டிரெயின், தந்ததோ டிராம்!

பெயர்ப் பொருத்தம் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும் ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெயின் என்னும் அமெரிக்கரின் வரலாற்றைப் படித்தபோது வியந்துதான் போனேன்.

1829-இல் பாஸ்டன் நகரில் பிறந்த இவர், நான்கு வயதில் நியூ ஆர்லியன்சில் பரவிய மஞ்சள் காய்ச்சலுக்குத் தாயையும் சகோதரிகளையும் பறிகொடுத்தார். பாட்டி வீட்டில் வளர்ந்து, கப்பல் வணிகத்தில் இளமையிலேயே பொருள் சேர்த்தார். பின்னர் அவர் மனம் குதிரை டிராம் மீது சென்றது.

இரும்புத் தடத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு குறைவு. ஆகவே, சாதாரணச் சாலையில் இழுப்பதைவிடப் பன்மடங்கு பாரத்தை அதே குதிரைகள் இழுக்கும். பலர் ஒன்றாகப் பயணம் செய்வதால் கட்டணமும் குறையும். சொந்த வண்டியில்லாத எளியவர்க்கு இது வரப்பிரசாதமன்றோ!

அமெரிக்கா கண்ட இவ்வசதியை 1860 ஆகஸ்ட் 30 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில், உட்சைடு படகுத்துறையிலிருந்து பூங்கா வரை தொடங்கிவைத்தார். பிரிட்டனின் நகரத் தெருக்களில் ஓடிய முதல் டிராம் அதுவே.

1861-இல் லண்டனில் மூன்று தடங்கள் அமைத்தார். அங்கேதான் வந்தது வினை! அவர் பதித்த தண்டவாளம் சாலை மட்டத்திற்கு மேலே துருத்தி நின்றது. மற்ற வண்டிகளின் சக்கரங்கள் அதில் மோதின. சீமான்கள் சீறினர். சாலையைச் சேதப்படுத்தினார் என்று டிரெயின் கைது செய்யப்பட்டார். 1862 முடிவதற்குள் மூன்று தடங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன.

எதிர்த்தவர்கள் கூறிய குறை உண்மையே. ஆனால் அதற்குப் பரிகாரம் இல்லாமற் போயிற்றா? பர்க்கன்ஹெட்டில் சாலையோடு சமமாகப் பதியும் பள்ளத் தண்டவாளத்தை இட்டார்கள். குதிரை டிராம் 1901 வரை ஓடியது! லண்டனோ திட்டத்தையே தூக்கியெறிந்துவிட்டு, 1870-இல்தான் மீண்டும் டிராமைக் கண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இழப்பு யாருக்கு? கோச்சில் சென்ற சீமானுக்கன்று. கால்நடையாய் வேலைக்குச் சென்ற தொழிலாளிக்கே.

டிரெயின் ஓயவில்லை. 1870-இல் உலகைச் சுற்றினார். 1872-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தனித்து நின்று தோற்றார். செல்வம் கரைந்த முதுமையில், நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பூங்காவில் குழந்தைகளோடு பேசிப் பொழுதைக் கழித்தார். 1904-இல் மறைந்தார்.

நண்பர்களே! புதிய திட்டமொன்றில் குறை கண்டால் அதை எடுத்துச் சொல்வது நம் கடமை. குறையைத் திருத்தினால் திட்டம் பிழைக்குமா என்று ஆராய்வதும் நம் கடமையே. லண்டன் முதலாவதைச் செய்தது. பர்க்கன்ஹெட் இரண்டையும் செய்தது.