யாழின் ஒலியைத் தேடிய சுவாமி விபுலானந்தர்

கோணேசர் பதிகத்தை மனனம் செய்யாமல் நம் பாடசாலையை விட்டுச் சென்ற மாணவியர் மிகச் சிலரே. திருஞானசம்பந்தர் அருளிய அப்பதிகத்தின் பண் புறநீர்மை. அவர் தலந்தோறும் பாடிச் சென்ற காலத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடன்சென்று யாழ் வாசித்தார் என்று பெரியபுராணம் கூறும். பாடியவரும் வாசித்தவரும் சேர்ந்து வளர்த்த இசை அது. பாடல்கள் ஏட்டில் தங்கின. யாழோ வழக்கொழிந்தது. அந்த யாழின் ஒலியை மீண்டும் கேட்கச் செய்தவர், நமது துறைமுக நகரில் கல்விப்பணி புரிந்த சுவாமி விபுலானந்தர்.

மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்தவர் மயில்வாகனன். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியைத் துறந்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் விபுலானந்தர் என்னும் துறவுப்பெயர் பெற்றார். மறு ஆண்டு திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷன் நிருவாகத்தின் கீழ் வந்தது. அதனை நடத்தும் பொறுப்பை ஏற்ற சுவாமிகள், அங்கு அதிபராகவும் விளங்கினார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் யாழ்ச்செய்திகளும் அடியார்க்குநல்லார் உரையும் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டன. புலவர்கள் அவற்றைச் சொற்பொருளாகப் படித்துவந்தனர். சுவாமிகள் பௌதிகமும் கணிதமும் கற்றவர். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம், அதாவது பழந்தமிழரின் இளி, பிறக்கும். இவ்வாறு கணக்கிட்டுச் சுருதிகளையும் பண்களையும் ஆராய்ந்தார். 7 நரம்புச் செங்கோட்டியாழ் முதல் 21 நரம்புப் பேரியாழ் வரை பழைய யாழ்களின் அமைப்பையும் ஆய்ந்தெழுதினார்.

இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் 'பிரபுத்த பாரத' இதழை நடத்திய நாட்களிலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக வந்த பின்னரும் இவ்வாராய்ச்சி நிற்கவில்லை. ஏறக்குறைய 14 ஆண்டுகள் அதில் கழிந்தன. அவர் உடலும் நலிந்தது.

கணக்குச் சரியென்று தாளில் காட்டியதோடு அவர் அமையவில்லை. செவியும் அதற்குச் சாட்சி சொல்லவேண்டும் என எண்ணினார். அதற்குத் தம் கைகள் மட்டும் போதாது என்பதையும் அறிந்திருந்தார். அவருடைய வரைவுப்படி கருவிகள் செய்யப்பட்டன. வள்ளல் சிதம்பரம் செட்டியார் பொருளுதவி செய்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை அச்சேற்றியது. தஞ்சை இசை மரபில் வந்த க. பொ. சிவானந்தம் பிள்ளை கருவிகளை வாசிக்க முன்வந்தார்.

1947 யூன் 5, 6ஆந் திகதிகளில் தஞ்சைப் பகுதியின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ்நூல்' அரங்கேறியது. ஓடக்காரன் இல்லாத வேளையில் சம்பந்தர் பதிகம் பாட, வெள்ளத்தில் ஓடம் தானே சென்று கரைசேர்ந்ததாகச் சொல்லப்படும் தலம் அது. சுவாமிகள் அவ்வூர் அம்பிகைமீது தாமே இயற்றிய 'நாச்சியார் நான்மணிமாலை'யும் அங்கு அரங்கேறியது. முளரி யாழ் முதலிய கருவிகள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன. பின்பு சிவானந்தம் பிள்ளை யாழை வாசித்தார். ஏட்டில் மட்டும் பெயராக இருந்த யாழின் நாதத்தைச் சபையோர் காதாரக் கேட்டனர்.

ஆறு வாரங்களுக்குப் பின் யூலை 19ஆந் திகதி சுவாமிகள் கொழும்பில் மறைந்தார். மட்டக்களப்பு சிவானந்த வித்தியாலய வளவில் அவர் சமாதி அமைந்துள்ளது. அவ்வரங்கேற்றம் சற்றுத் தாமதித்திருந்தால், தாம் தேடிய ஒலியைக் கேட்காமலே அவர் கண்மூடியிருப்பார். உடனுழைத்தோர் காலத்தில் கைகொடுத்தபடியால் அது நிறைவேறியது.

நம் மாணவியர் இன்று எத்தனையோ தேசங்களில் வாழ்கின்றனர். எங்கிருந்தாலும் பிள்ளைகளுக்குக் கோணேசர் பதிகத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, அதன் பண்ணின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம். சுவாமிகளுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.